ஹலோ பாறையில் விழுந்த புள்ளி

அன்பு மாப்ளே செல்வராசு,

நீ இருக்கிற இடத்தில் டவர் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதனால் தாளில் எழுதுகிறேன். கொடைக்கானல் பஜாரில் இருபது வருடமாகச் செல்போன் கடை வைத்திருக்கிறவன், மேசைக்கு அடியில் துழாவிப் பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறான் என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் சிரிப்பைக் கேட்டு ரெண்டு வருடம் ஆகிவிட்டது.

சிரித்து முடித்துவிட்டுக் கவனமாகக் கேள். உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாக்கியத்திடம் போன மாதம் சொன்னேன். உன்னிடமும் சொல்லச் சொன்னாள். அதையும் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதச் சொன்னாள். உன் வீட்டுக்காரி ஒன்று சொன்னால் அதை மீற உனக்கு எந்தக் காலத்தில் தைரியம் இருந்தது? எனக்கும் இல்லை.

படிக்கப்போகிறவர்களுக்கு நம்மைத் தெரியாது இல்லையா, அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. பொறுத்துக்கொள். நீ கவுஞ்சிக்குக் கீழே ஓடைக்காட்டில், படிப்படியாக வெட்டிய நிலத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டவன். நான் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, பெயர் காதர். நம் பக்கத்தில் ராவுத்தர்களும் மற்றவர்களும் மாமன் மச்சான் என்று முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். யார் ஆரம்பித்த பழக்கமோ, நல்ல பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த நீ, என் கடை மேசையில் மண் அப்பிய ஒரு கட்டியைக் கொண்டுவந்து வைத்தாய். உருளைக்கு மண் அணைக்கும்போது தொலைந்துபோன உன் போன், அறுவடையில் கிழங்கோடு கிழங்காக வெளியே வந்திருந்தது.

"மச்சான், நானும் தண்ணி விட்டு ஒரம் போட்டுப் பாத்துட்டேன். ஒத்தையாத்தான் கெடக்கு, வெளையல" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ மேசையெல்லாம் கொட்டியது. அன்றைக்குப் பிடித்த உறவு. உன்னோடு வந்திருந்த பாக்கியம் என்னை அண்ணே என்றாள். அப்புறம் நீ மாப்ளே, நான் மச்சான், கணக்குச் சரியாகிவிட்டது.

இன்னொன்றையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது ஹலோ பாறை.

உங்கள் ஓடைக்காட்டில் மொத்தம் இருபத்தி ரெண்டு வீடு. எந்த வீட்டிலும் போன் எடுக்காது. ஓடையைத் தாண்டி எதிர்ச்சரிவில் ஏறினால் ஒரு மொட்டைப் பாறை, அங்கே மட்டும் மூன்று கட்டை டவர் நிற்கும். ஊரே அங்கே ஏறி நின்றுதான் ஹலோ ஹலோ என்று கத்தும். அதனால் அந்தப் பெயர். நானும் எத்தனை தரம் உன்னோடு அங்கே உட்கார்ந்திருக்கிறேன். பாக்கியம் அவித்துக் கொடுத்த கிழங்கில் மிளகாயும் உப்பும் தொட்டுத் தின்றுகொண்டே, ஓடைக்கு அந்தப் பக்கம் தெரியும் உன் வீட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாறையில் நிற்கும்போது யாராவது போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், வீட்டுலதான் இருக்கேன் என்பீர்கள். பொய் இல்லை. உங்கள் மனசில் அப்படித்தான். ஒரு தரம் நான் இதை வைத்து உன்னைக் கிண்டல் செய்தபோது நீ முறைத்தாய். "போன் பேசுறதுக்கு எங்க வீட்டு முன்ரூம் இதுதான் மச்சான். நடுவுல கொஞ்சம் ஓடை ஓடுது, அம்புட்டுத்தான்" என்றாய்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் மாப்ளே. ஓடைக்காட்டுக்கு வெளியே இதைத் தெரிந்த ஆள் என்னை விட்டால் வேறு யார்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

லொகேஷன் அனுப்பக் கற்றுக்கொடுத்தது நான். புதுப் போன் வாங்கிய அன்று கடையில் வைத்து, இந்த இடத்தில் அமுக்கு, இதைத் தொடு, அனுப்பு என்று காட்டினேன். மலையில் எந்த மூலையில் கிடந்தாலும் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஆள் வந்து நிற்கும் என்று அளந்தேன். நீ அப்படியே நம்பினாய். மறுநாளே பாக்கியத்தைப் பாறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவளை விட்டே எனக்கு ஒரு லொகேஷன் அனுப்ப வைத்தாய். சரியாக வந்தது. சபாஷ் என்று பதில் போட்டேன்.

அந்த ஐப்பசி மழை உனக்கு மறந்திருக்காது. மூன்று நாள் விடாமல் ஊற்றியது. நான் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வெள்ளனே கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தேன். மலை ரோட்டில் எங்கே மரம் விழுந்தது, எங்கே மண் சரிந்தது என்று சொல்ல நாங்கள் ஒரு குரூப் வைத்திருந்தோம். ஜீப் ஓட்டுகிறவர்கள், தீயணைப்புக்காரர்கள், தாலுகா ஆபீஸ் ஆட்கள், என்னைப்போல நாலைந்து கடைக்காரர்கள். அந்த நேரம் உன் நம்பரிலிருந்து ஒரு லொகேஷன் வந்தது. பின்னாலேயே, பதிவு செய்து அனுப்பிய பாக்கியத்தின் குரல்.

"அண்ணே, மேட்டுப் பக்கச் செவுரு அவர் மேல விழுந்துருச்சு. இடுப்புக்குக் கீழ மண்ணுக்குள்ள கெடக்காரு. பேசுறாருண்ணே, நல்லாப் பேசுறாரு. வீட்டுக்கு வெரசா ஆள் அனுப்புங்க."

வீட்டுக்கு என்றாள். அதற்கு மேலேயே புள்ளி இருந்தது. நான் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. வீட்டில் போன் எடுக்காதே, இவள் எங்கே நின்று பேசுகிறாள் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அந்த நீலப் புள்ளியை அப்படியே குரூப்பில் தள்ளினேன், அவசரம், உயிர் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. துல்லியமாக இடம் கொடுத்திருக்கிறீர்கள், கிளம்பிவிட்டோம் என்றார் தீயணைப்பு அதிகாரி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

கவுஞ்சி முக்கில் வலது பக்கம் இறங்கினால் காய்கறி லாரி போகிற பாதை, அது உன் வாசலுக்குப் போகும். இடது பக்கம் ஏறினால் பாறை. புள்ளி சொன்னபடி அவர்கள் இடது பக்கம் ஏறினார்கள்.

ஒன்பது மணி வாக்கில் அந்த அதிகாரி கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல். "பாய், இங்க வெறும் பாறைதான் இருக்கு. வீடு எதிர்ப்பக்கம் தெரியுது. நடுவுல ஓடை ரெண்டாள் ஒசரத்துக்குப் போகுது" என்றார்.

அந்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாக்கியம் விடியும் முன்னால் ஓடையில் தண்ணீர் ஏறாதபோது கடந்து பாறைக்குப் போயிருக்கிறாள். அனுப்பியதும் ஓடித் திரும்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஓடை ஆளை விடவில்லை. அவர்கள் முக்குக்குத் திரும்ப முயன்றார்கள். அதற்குள் பின்னால் ரோட்டில் மரத்தோடு மண் இறங்கியிருந்தது. அறுத்துத் தள்ளிவிட்டு, சுற்றி, உன் வாசலுக்கு வந்து சேர ரெண்டரை மணி நேரம். நீ அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போயிருக்கிறாய்.

கடைசி வரைக்கும் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று பாக்கியம் என்னிடம் சொன்னாள். "மச்சான் அனுப்பிருப்பாரு, வந்துருவாங்க, நீ அழுவாத." இதைச் சொல்லிக்கொண்டே இருந்தாயாம். இந்த வாக்கியம் என்னை என்ன செய்தது தெரியுமா செல்வராசு? இன்றைக்கும் கடையில் யாராவது லொகேஷன் எப்படி அனுப்புவது என்று கேட்டால், வெளியே போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்துதான் காட்டுகிறேன்.

ஆனாலும் என் குற்றம் அதோடு நிற்கவில்லை. அன்று மாலையே அதிகாரி, தப்பு எங்கே நடந்தது என்று விசாரித்தார். யாரையும் திட்டுவதற்காக இல்லை, அடுத்த தடவைக்குத் தெரிய வேண்டும் என்று. நான் என்ன சொன்னேன்? வீட்டம்மா பாறையில் நின்று அனுப்பிவிட்டாள் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. எனக்கு அந்தப் பாறையைத் தெரியும், பார்த்ததும் கேட்டிருக்க வேண்டியவன் நான் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு ஊருக்குப் போய்விட்டது. கருமாதிக்கு வந்த சனமெல்லாம், பாவம் அவளுக்கு என்ன தெரியும், பதற்றத்தில் அமுக்கிவிட்டாள் என்று பாக்கியத்துக்கு ஆறுதல் சொன்னது. அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். உன் மேல தப்பில்லம்மா என்று நானும் சொன்னேன். பின்னே யார் மேல என்று சொல்ல வாய் வரவில்லை.

என்னைத் திட்டணும்போல இருக்கிறதா? இரு, முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு.

நீ போன பிறகு ஒரு வருடம் பாக்கியம் பாறைப் பக்கம் ஏறவே இல்லை. மதுரையில் நர்ஸ் படிப்புப் படிக்கிற உன் மகளோடு பேசவேண்டும் என்றால்கூட கவுஞ்சிக்கு நடந்து வருவாள். ஆமாம், அவள் ரெண்டாம் வருடம் முடித்துவிட்டாள். உன்னைப்போலவே வாய். வார்டில் டாக்டரையே எதிர்த்துப் பேசுகிறாளாம்.

அப்போதுதான் நிவேதா என்ற பெண் என் கடைக்கு வந்தது. செண்பகனூரில் குடியிருக்கிறது, கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறது. ஜனங்களே சேர்ந்து போனில் வரைகிற மேப் ஒன்று இருக்கிறது, எந்த நாட்டு வெள்ளம் பூகம்பத்துக்கும் அதைத்தான் மீட்புக்காரர்கள் எடுக்கிறார்கள், மேல்மலையில் அது வெறும் பச்சையாகக் கிடக்கிறது, உள்ளூர் ஆள் யாராவது கூட வருவீர்களா அங்கிள் என்று கேட்டது. நான் சள்ளென்று விழுந்தேன். உங்கள் மேப்பும் புள்ளியும் ஒரு ஆளைக் கொன்றுவிட்டது, போம்மா என்றேன். அந்தப் பெண் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டது.

கேட்டுவிட்டு மெதுவாக ஒன்று சொன்னது. "அங்கிள், டவர் இல்லைனாலும் போனுக்குத் தான் எங்க இருக்கோம்னு தெரியும். அது சாட்டிலைட்லேர்ந்து எடுத்துக்கும். வீட்டுல நின்னு இடத்தை சேவ் பண்ணிட்டு, டவர் வர்ற இடத்துக்குப் போய் அனுப்பலாம். புள்ளி வீட்லதான் விழும்."

இருபது வருடம் போன் விற்றவனுக்கு இது தெரியாது மாப்ளே. எனக்கு அமுக்கத் தெரியும், அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அன்று உன் தலைமாட்டில் கிடந்த போனுக்கு நீ எங்கே கிடக்கிறாய் என்று தெரிந்திருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்திருந்தால் பாக்கியம் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அந்தப் பெண் போன பிறகு கடைக்கு உள்ளே போய், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். உனக்காக முதல் தடவை நான் சத்தம்போட்டு அழுதது அன்றுதான்.

அடுத்த வாரமே அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடைக்காட்டுக்குப் போனேன். உன் சனத்தைப் பற்றிக் கேட்கவா வேண்டும்! பட்டா இல்லாத இடத்தை எல்லாம் படம் பிடித்து அரசாங்கத்துக்குக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று கிளப்பிவிட்டார்கள். ஒருத்தர் தன் வீட்டை மேப்பில் போடக்கூடாது, பூண்டு காய வைக்கிற கொட்டகையை வேண்டுமானால் போட்டுக்கொள் என்றார். டூரிஸ்ட் வந்துவிடுவார்கள் என்று பயந்தவர்களும் உண்டு. அதில் நியாயம் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குள் ஹலோ பாறையை வியூ பாயின்ட் என்று வேறொரு மேப்பில் ஏற்றியிருந்தான். கார் எடுத்துக்கொண்டு வந்து செல்பி எடுக்கிறார்கள். அதற்கு ஒருவர் ரெண்டு நட்சத்திரம் கொடுத்து, காட்சி சுமார், டீக்கடை இல்லை என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், அவர் என் கையில் கிடைத்திருந்தால் நானே சூடாக டீ கொடுத்திருப்பேன், தலையில்.

இத்தனை இழுபறியையும் முடித்துவைத்தது பாக்கியம்தான். நேரே வந்து நிவேதா கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஓடையைக் கடக்கிற கால்தடத்தை அந்தப் பெண் பாதை என்று வரைந்திருந்தது. "இது வெயில் காலத்துக்குத்தாம்மா பாதை. மழை பேஞ்சா இது பாதை இல்ல. அப்படி எழுது" என்றாள். நிவேதா அப்படியே எழுதியது. அன்றைக்கு ஆரம்பித்தவள்தான், பூண்டுச் சோலி முடிகிற நேரமெல்லாம் போனோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில், எந்த வீட்டுக்குப் பின்வாசல் உண்டு, லாரி எதுவரை வந்து திரும்பும் என்று அவள் கேட்டுப் போட்டதெல்லாம் நானோ நிவேதாவோ நினைத்துக்கூடப் பார்க்காதவை. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போட வைத்தாள். மேப்பிலும் அதே நம்பர். போன் வைத்திருக்கிற எல்லோரும் அந்த மேப்பை டவர் இல்லாவிட்டாலும் திறக்கிற மாதிரி இறக்கி வைத்துக்கொண்டார்கள்.

உன் வீடு இருந்த இடம் ஏழாம் நம்பர். மிச்சச் சுவரும் அதே மழையில் விழுந்து அங்கே இப்போது வெறும் மண்மேடு, பாக்கியம் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். இருக்கிறதை மட்டும்தான் மேப்பில் போடணும் என்று நிவேதா சொன்னது. சரி என்றாள் பாக்கியம். ஆனால் ஏழை வேறு எந்த வீட்டுக்கும் கொடுக்க விடவில்லை. ஆறுக்கு அடுத்தது எட்டு.

இந்த வருடமும் மழை வந்தது. போன மாதம் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும், ஓடைக்காட்டு வேலு நம்பரிலிருந்து லொகேஷன் வந்தது. திறந்தால், பாறை. அதே பாறை.  ஓடை ஏறும் முன்னால் கடந்து வந்திருந்தவன், அடுத்த நிமிஷம் அவனே கூப்பிட்டான். வாசல் பக்கச் சுவர் சரிந்து, அவன் பெண்டாட்டி சரசு உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று கத்தினான். நான் அவனைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

"ஏலே, பாறையா வீடா?"

"பாறைண்ணே. வீடு பதினாலு. பதினாலு."

குரூப்பில் புள்ளியைப் போடவில்லை. பதினாலாம் நம்பர் வீட்டைத் தொட்டு அதை அனுப்பினேன், கவுஞ்சி முக்கில் வலது, லாரிப் பாதை என்று எழுதினேன். அப்புறம் கடையை அப்படியே போட்டுவிட்டு ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். முக்கு வந்தபோது என் கை தானாக வலது பக்கம் நீண்டது. டிரைவர், தெரியும் பாய், அதான் மேப்புல இருக்கே என்றான்.

நாங்கள் போனபோது பாக்கியம் அங்கே இருந்தாள். பதினாலுக்குப் பின்வாசல் உண்டு என்று குறித்தவளே அவள்தானே. அக்கம்பக்கத்து ஆட்களை வைத்து அந்தப் பக்கமாக மண்ணைத் தள்ள ஆரம்பித்திருந்தாள். மீதியைத் தீயணைப்புக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். முக்கால் மணி நேரத்தில் சரசுவைத் தார்ப்பாயில் வைத்து லாரி திரும்புகிற இடத்துக்குத் தூக்கி வந்தோம். கால் முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. வழி நெடுக வேலுவைத் திட்டிக்கொண்டே வந்தாள், அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

வண்டி போன பிறகு பாக்கியம் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு நான் மட்டும் பாறையில நின்னு அமுக்காம இருந்திருந்தா அவரும் இப்படி வண்டியில போயிருப்பாருல்லண்ணே."

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுசனே இல்லை. சொல்லிவிட்டேன். பாறை எனக்குத் தெரியும் என்பதை, கேட்காமல் அனுப்பியதை, குரூப்பில் பாராட்டியதும் நெஞ்சு நிமிர்ந்ததை, அதிகாரியிடம் அவளைக் கைகாட்டித் தப்பித்துக்கொண்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"ரெண்டு வருசமா என்னை ஒத்தையாச் சொமக்க விட்டுட்டீங்களேண்ணே" என்றாள். அவ்வளவுதான். குழாயை மூடிவிட்டு நடந்து போய்விட்டாள்.

எட்டு நாள் பேச்சு இல்லை. அவள் கவுஞ்சிக்கு வருகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சந்தைப் பையோடு கடை வாசலில் வந்து நின்றாள். நான் எழுந்து நின்றேன். அவளாகவே உட்கார்ந்தாள்.

"கோவம் போகலண்ணே. போகும்போது போகட்டும். என்கிட்டச் சொன்ன மாதிரி அவர்கிட்டயும் சொல்லிருங்க. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க. இன்னொரு மலையில இன்னொருத்தி டவர் கெடைக்கிற எடத்துல நின்னு அமுக்குவா. அதை வாங்குறவனாவது அவகிட்டக் கேக்கட்டும்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அண்ணே என்று சொன்னாள். எனக்கு அது போதும் மாப்ளே. போகும்போது பையிலிருந்து ஒரு பிடி பூண்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இந்த வருடத்துப் பூண்டு நல்ல திரட்சி.

நேற்று நான் ஓடைக்காட்டுக்குத் தனியாகப் போனேன். மண்மேட்டில் புல் முளைத்திருக்கிறது. உன் அடுப்படி இருந்த பக்கமாக நின்றேன். போனில் டவர் ஒரு கட்டைகூட இல்லை. இடத்தை சேவ் செய்தேன். ஏழு என்று பெயர் கொடுத்தேன். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான், கடந்து பாறைக்கு ஏறினேன். இப்போது மூட்டு வலிக்கிறது, ரெண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏற முடிந்தது. உச்சியில் நின்று அந்த இடத்தை உன் நம்பருக்கு அனுப்பினேன். உன் நம்பரை இப்போது பாக்கியம்தான் வைத்திருக்கிறாள். கவுஞ்சியில் பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் இருந்திருப்பாள் போல, உடனே பார்த்துவிட்டாள்.

நான் நின்றது பாறையில். புள்ளி விழுந்தது உன் வீட்டில். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, ஒரே வரி.

"வீட்டுக்கு வந்துருச்சுண்ணே."

செல்வராசு, ரெண்டு வருடம் தாமதமாக வந்திருக்கிறேன். உனக்கு அது ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரியும். ஒன்று மட்டும் உன்னிடம் சத்தியமாகச் சொல்கிறேன். இனி என் போனுக்கு எந்த ஊரிலிருந்து எவர் கூப்பிட்டாலும், அழுகையோடு கூப்பிட்டாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், பாறையா வீடா என்று கேட்காமல் ஒரு புள்ளியையும் அனுப்ப மாட்டேன். பாக்கியத்தின் கோபம் தீருகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் கடை வாசலில் அவளுக்காக எழுந்து நிற்பேன். தீர்ந்த பிறகும் நிற்பேன்.

பாக்கியத்தின் கூடப்பிறக்காத அண்ணன்,
உன் மச்சான்,
காதர்